மைக் வேண்டாம், எனக்குக் குரல் கணீர்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு மண்டபம். ஒன்பது மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்ததால் பத்தரைக்குத் தொடங்கினார்கள். மேடைக்குப் பின்னால் சுவரளவு எல்.இ.டி. திரை. அதில் பெரிய காது ஒன்று, காதைச் சுற்றி நீல நிறத்தில் ஒலியலை, பக்கத்தில் ஒய்.பி.யின், அதாவது எங்கள் மக்கள் பிரதிநிதியின், படம், காதைவிடச் சற்றுப் பெரிதாக. காது மங்கியவர்களுக்குக் காது மிஷின் வழங்கும் விழா. வாங்கிக்கொள்ள வந்தவர்கள் நாற்பது பேர் இருப்போம். பிறை பக்கம் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மிஷினோடு இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவன் நான். ஒரு மிஷின் என் காதை வாங்கிக்கொண்டது, இன்னொரு மிஷினைக் கையில் கொடுக்கிறார்கள். கணக்கு நேர்.

ஒய்.பி. பேச எழுந்தார். உதவியாளர் மைக்கை நீட்டினார். ஒய்.பி. அதைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, "மைக் வேண்டாம், எனக்குக் குரல் கணீர்" என்றாராம். என்றாராம் என்று சொல்வதற்குக் காரணம், எனக்குக் கேட்கவில்லை. பிறகு என் சம்சாரம் சொன்னதுதான். மேடையிலிருந்து இறங்கி, மக்களோடு மக்களாக நடந்துகொண்டே, பாதி நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நாற்பது நிமிடம் பேசினார். நாற்பது பேருக்கு நாற்பது நிமிடம், தலைக்கு ஒன்று. முன்வரிசை சிரித்தபோது நாங்களும் சிரித்தோம். முன்வரிசை தட்டியபோது நாங்களும் தட்டினோம். நடுவில் முன்வரிசைக்காரர் ஒருவர் கொசு அடித்தார். எங்கள் பக்கம் ஐந்தாறு பேர் எழுந்து நின்றே கைதட்டிவிட்டார்கள். ஒய்.பி. நெகிழ்ந்துபோய் இன்னும் ஐந்து நிமிடம் பேசினார்.

அப்புறம் ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டார்கள். வாயால்தான். காது கேளாதவர்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற காட்சியை நீங்கள் பார்த்ததில்லை என்றால் வாழ்க்கையில் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். ஒரு பெயருக்கு மூன்று பேர் எழுந்தார்கள். அடுத்த மூன்று பெயருக்கு ஒருவரும் எழவில்லை. தொண்டர்கள் வந்து தோளைத் தட்டி, முதுகைத் தள்ளி, ஆட்டுக்கிடையை ஓட்டுகிற மாதிரி மேடையேற்றினார்கள். பெட்டியைப் பிடித்தபடி படம். பெட்டியைத் திறந்து காதில் மாட்டிப் பார்க்க யாரும் சொல்லவில்லை. மாட்டினால் படத்தில் தெரியாதே.

வீட்டுக்கு வந்து திறந்தேன். மொச்சைக்கொட்டை அளவில் கருவி. கூடவே பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பொட்டு பேட்டரி ஒரு அட்டை, 312 நம்பர். ஸ்டிக்கரைப் பிய்த்தால்தான் காற்று உள்ளே போய் அதற்கு உயிர் வரும். பிய்த்ததும் ஒரு நிமிடம் பொறுத்துப் போட வேண்டும். திரும்ப ஒட்டி வைத்து மிச்சம் பிடிக்க முடியாது, அதுபாட்டுக்குத் தீர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள், அதற்குமேல் உங்கள் காசு. பினாங்கு வெக்கையில் கழுத்து வேர்வை கருவிக்குள் இறங்கினால் சளி பிடித்த குழந்தை மாதிரி கரகரக்கும். ராத்திரி சிலிக்கா மணி போட்ட டப்பாவில் படுக்கவைக்க வேண்டும். இதில் ஏதாவது அந்த நாற்பது நிமிடத்தில் வந்ததா என்று சம்சாரத்தைக் கேட்டேன்.

"இல்லீங்க. கட்சி எப்படி வளர்ந்துச்சின்னு சொன்னாரு."

காதில் மிஷினை மாட்டிவிட்டால் சங்கதி முடிந்தது என்று ஊர் நினைக்கிறது. மூக்குக் கண்ணாடி போட்டால் எழுத்து பளிச்சென்று தெரிகிறதல்லவா, அதைப்போல என்று. காது மங்கிய யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஒரே வாக்கியம்தான் சொல்வார்கள்: "காது கேக்குதுங்க, என்னா சொல்றீங்கன்னுதான் புரியல." வயதாலோ தொழிற்சாலை இரைச்சலாலோ காது போகிறபோது பெரும்பாலும் மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகும். ச, ஸ, த, க எல்லாம் உதிர்ந்துவிடும். ஆ, ஓ, ஊ நின்றுவிடும். தமிழில் சொன்னால் உயிர் கேட்கும், மெய் போய்விடும். மெய் இல்லாத பேச்சைக் கேட்டே பழகியவன் என்பதால் மேடைப் பேச்சு எனக்குப் புதிதல்ல. நீங்கள் கத்தக் கத்த உயிர்தான் பெரிதாகுமே ஒழிய மெய் திரும்பி வராது. உதட்டைப் பார்த்து ஈடுகட்டலாம் என்றால், உதட்டில் பணமும் மணமும் ஒன்று. ஒரு சொந்தக்காரர் வீட்டில் "பெண்ணுக்கு மணம்" என்றதை நான் பணம் என்று பார்த்துவிட்டு, "இப்ப கையில இல்லீங்களே" என்று சொல்லி மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

மிஷின் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்கும். பேச்சைத் தூக்குகிற அதே கையால் மின்விசிறியையும், நாற்காலி இழுபடுவதையும், பின்வரிசையில் முறுக்கு கடிபடுவதையும் தூக்கும். பேசுகிறவர் ஆறடி தள்ளிப் போனால் பேச்சு இரைச்சலுக்குள் முங்கிவிடும். இதற்கு மருந்து காதில் இல்லை, மண்டபத்தில் இருக்கிறது. ஒரு கம்பி. தரையோரமாகவோ கம்பளத்துக்கு அடியிலோ மண்டபத்தைச் சுற்றி ஒரு செம்புக் கம்பி. மைக்கில் வாங்கிய பேச்சை ஒரு ஆம்ப்ளிபையர் வழியாக அந்தக் கம்பியில் மின்சாரமாக ஓடவிட்டால் மண்டபத்துக்குள் காந்தப்புலம் ஆடும். பல காது மிஷின்களில் மயிரிழைக் கம்பியால் சுற்றிய குட்டிச் சுருள் ஒன்று இருக்கிறது, அது அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். 'டி' என்ற இடத்துக்கு சுவிட்சைத் தள்ளினால் போதும். மின்விசிறி இல்லை, முறுக்கு இல்லை, பேசுகிறவர் காதுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். இந்தக் கம்பி வளையத்துக்கு லூப் என்று பெயர். நீலப் பலகையில் காதும் 'டி' எழுத்தும் போட்டிருந்தால் அங்கே லூப் இருக்கிறது என்று அர்த்தம். லண்டனில் தபால் நிலையத்திலும் தேவாலயத்திலும் டாக்சியிலும்கூட இருக்கிறது. இப்போது அதற்கும் அடுத்த தலைமுறையாக, புளூடூத்திலேயே மண்டபம் முழுக்க ஒலிபரப்புகிற ஆராகாஸ்ட் 2022இல் வந்துவிட்டது. செம்புக் கம்பி என்ன தங்கக் கம்பியா? எல்.இ.டி. திரைக்குக் காசு இருந்ததே, சுவரளவுக்குக் காது வரைய.

ஆனால் ஒன்று. லூப் இருந்தாலும் பேசுகிறவர் மைக்கைப் பிடிக்க வேண்டும். கணீர்க் குரல்காரர்களை எந்தக் கம்பியும் கரையேற்றாது.

அந்தக் குட்டிச் சுருளுக்கு ஒரு பழங்கதை உண்டு. அது டெலிபோனுக்காக வந்தது. ரிசீவரிலிருந்து கசிகிற காந்தத்தைப் பிடிக்கத்தான் காது மிஷினுக்குள் முதலில் அதை வைத்தார்கள். டெலிபோனைக் கண்டுபிடித்த பெல்லின் அம்மாவுக்குக் காது மந்தம், மனைவி மேபலுக்குச் சின்ன வயதிலேயே காது போய்விட்டது. இரண்டு பேருக்கும் உதவாத ஒரு சாமானை 1876இல் உலகத்துக்குக் கொடுத்தார் மனிதர். காது கேளாத ஒருவர் அதில் டைப் அடித்துப் பேச இன்னும் 88 வருடம் ஆனது. அதைச் செய்த ராபர்ட் வைட்பிரெக்ட் தாமே காது கேளாதவர். எங்கள் வேலையை நாங்களே செய்துகொள்ள வேண்டும் என்பது அப்போதிருந்தே வழக்கம் போல.

பினாங்கில் இதைப் பேசும்போது எனக்கு வயிறு எரிவதற்கு வேறு காரணம் இருக்கிறது. இது ஏதோ மின்சாரத்தையே பார்க்காத தீவு இல்லை. 1972இல் பயான் லெப்பாசில் வயலைத் தூர்த்து வரியில்லாத் தொழில்பேட்டை போட்டார்கள். அதே வருடம் இன்டெல் வந்தது. அரைநூற்றாண்டாக உலகத்தின் சிப்புகளைச் சோதித்து, அடைத்து, பெட்டி கட்டி அனுப்புகிற ஊர். காது மிஷினுக்குள் போகிற மைக்ரோபோன், ரிசீவர் என்றாலே அந்தத் தொழிலில் முதலில் சொல்கிற பெயர் நோல்ஸ். சிகாகோக்காரர்கள். அவர்களும் பயான் லெப்பாசில் ஆலை போட்டார்கள். நுண்ணோக்கியில் கண்ணைக் குத்திக்கொண்டு எலெக்ட்ரானிக்ஸ் சாமான் பொருத்தியே எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். அந்தக் கைகள் இருக்கிற ஊரில், கவுண்டருக்கு மேலே ஒரு நம்பர் பலகையை எரியவைக்க முடியவில்லை.

அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு அரசாங்கக் கிளினிக், பெயர் வேண்டாம். மருந்து வாங்குகிற இடம். நம்பர் பலகை ஒன்று இருக்கிறது, சிவப்பு எழுத்து. அதன்மேல் 'ரோசாக்', அதாவது பழுது, என்று எழுதிய தாள், நாலு மூலையிலும் செலோடேப். செலோடேப் மஞ்சளாகிவிட்டது என்றால் தாளின் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பிள்ளை, முகக்கவசத்தோடு, கணினியைப் பார்த்தபடி நம்பரைக் கூப்பிடுகிறது. என் கையில் 4064. மலாயில் நாலு எம்பாட், ஆறு எனாம். கவசம் இல்லாவிட்டாலே உதட்டில் இரண்டையும் பிரிக்க நான் திணறுவேன். கவசத்தோடு பார்த்தால் துணி ஆடுவது மட்டும் தெரியும். துணி ஆடும்போதெல்லாம் நான் எழுந்தேன். ஆறாவது தடவை எழுந்தபோது பக்கத்திலிருந்த சீன ஆயா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்து, பைத்தியத்துக்குச் சொல்கிற மாதிரி ஜாடையில் பொறு என்றார். ஒன்றேகால் மணி நேரம் கழித்து நானே போய்ச் சீட்டை நீட்டினேன். கவசத்தை இறக்கிவிட்டு அந்தப் பிள்ளை சொன்னது: "அங்கிள், உங்க நம்பர மூணு தடவ கூப்பிட்டாச்சு. புது நம்பர் எடுங்க."

எடுத்தேன். 4131.

அதே வாரம் மகன் ஒரு பேரங்காடிக்குக் கூட்டிப்போனான். காப்பிக்குக் காசு கட்டியதும் கையில் ஒரு வட்டத் தட்டைக் கொடுத்தார்கள். காப்பி தயாரானதும் அது கையில் துள்ளியது, சுற்றிலும் சிவப்பு விளக்கு மினுக்கியது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். கேட்காதவனைக் கூப்பிடுகிற வித்தையை இந்த ஊர் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. ஒரு கோப்பை காப்பிக்கு அதிரும். ரத்த அழுத்த மாத்திரைக்கு அதிராது. அதிர வேண்டுமானால் மாத்திரையை ஐஸ் போட்டு, மேலே நுரை ஊற்றி விற்க வேண்டும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உடற்குறையுடையோர் சட்டம் 2008, எண் 685. தகவல், போக்குவரத்து, கட்டடம் எல்லாவற்றிலும் எங்களுக்கு உரிமை உண்டு என்று அழகான மலாயில் எழுதியிருக்கிறது. மலேசியச் சைகை மொழிக்கும் அதில்தான் அங்கீகாரம். அது அமலுக்கு வந்த நாள் 2008 ஜூலை 7. அந்தத் தேதியைப் பினாங்குக்காரர் யாரும் மறக்க முடியாது, ஏனென்றால் அன்றைக்கு லீவு. சட்டத்துக்காக லீவு விடுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அதே 2008 ஜூலை 7இல்தான் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. ஒரே நாளில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஒன்று சுவருக்கு, ஒன்று மனிதனுக்கு. சுவர்ப் பிள்ளைக்கு வருடா வருடம் பிறந்தநாள், கொண்டாட்டம், தெருக்கூத்து. பழைய கடைவீட்டின் சன்னலை நீங்கள் இஷ்டத்துக்குப் பிடுங்கிப் பாருங்கள், பாரம்பரியச் சட்டத்தில் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. மனிதப் பிள்ளையின் சட்டத்தில், கட்டடத்தில் வசதி செய்யாதவனுக்கு அபராதம் என்று ஒரு வெள்ளி எழுதவில்லை. போதாக்குறைக்கு 41ஆம் பிரிவு: அரசாங்கத்தின்மீது வழக்கு வராமல் அதற்குப் பாதுகாப்பு. உடற்குறையுடையோரைப் பாதுகாக்க எழுதிய சட்டத்தில், உடற்குறையுடையோரிடமிருந்து அரசாங்கத்தைப் பாதுகாத்திருக்கிறார்கள். நாங்கள் அவ்வளவு பயங்கரமானவர்கள் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அரசியலமைப்பின் 8ஆம் விதியில் மதம், இனம், வம்சம், பிறந்த இடம், 2001இலிருந்து பாலினம் என்று பாகுபாடு கூடாத காரணங்களை எண்ணி வைத்திருக்கிறார்கள். உடற்குறை அந்த எண்ணிக்கையில் இல்லை. திருத்தப் போகிறோம், திருத்தப் போகிறோம் என்கிறார்கள். அது எனக்கு நன்றாகவே கேட்கிறது.

பெயரை மட்டும் திருத்துவார்கள், அதில் குறையே இல்லை. முதலில் சாச்சாட், அதாவது ஊனம், என்றார்கள். அது கூடாது என்று குராங் உப்பாயா ஆக்கினார்கள். குறைவு என்று சொல்லலாமா என்று கெலாய்னான் உப்பாயா, அதாவது மாறுபட்ட திறன், ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஆனார்கள். காது கேளாத சமூகத்தாரோ, எங்களைப் 'பெக்காக்', அதாவது செவிடர், என்றே சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். அதைக் கேட்க ஆள் இல்லை. ஒரு பல்பு மாட்டுவதைவிட ஒரு பெயர் மாட்டுவது மலிவு.

கட்டடத்துக்கும் எம்.எஸ். 1184 என்று மலேசியத் தர விதி இருக்கிறது. நம் ஊர்க் கட்டடக்காரர்களின் அகராதியில் அதற்கு இரண்டே அர்த்தம்: ஒரு சாய்தளம், ஒரு கழிப்பறை. சாய்தளத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கும். கழிப்பறையில் துடைப்பம் நிற்கும். காது என்று ஒரு உறுப்பு இருப்பது அந்த அகராதியிலேயே இல்லை. வருமான வரியில் சலுகை இருக்கிறதே என்பார்கள். உடற்குறைக்கான கருவி வாங்கினால் 6,000 ரிங்கிட் வரை கழித்துக்கொள்ளலாம். வரி கட்டுகிறவனுக்கு. பிரஸ் மிஷினை விட்டு வந்த பிறகு வரி கட்டுகிற பாக்கியத்தை எனக்கு ஆண்டவன் கொடுக்கவில்லை.

இந்த ஊரில்தான், தஞ்சோங் பூங்காவில், 1954இல் காது கேளாத பிள்ளைகளுக்கென்று மலாயாவின் முதல் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் காலம். ஹைகமிஷனர் டெம்பளரின் மனைவி முன்நின்று செய்த காரியம். வகுப்பில் வாய்ப்பேச்சுதான் பாடம். உதட்டைப் பார், தொண்டையைத் தொட்டுப் பார், சத்தம் எழுப்பு. பிள்ளைகள் பார்த்தார்கள், இவர்கள் திருந்தமாட்டார்கள் என்று. வகுப்புக்கு வெளியே தாங்களாகவே கையால் ஒரு மொழியைக் கட்டிவிட்டார்கள். பினாங்குச் சைகை மொழி என்று மொழியியலாளர்கள் இன்றைக்கு ஏட்டில் எழுதுவது, அந்தப் பிள்ளைகள் ஆசிரியர் பார்க்காத நேரத்தில் செய்தது. பட்ஜெட் இல்லை, கமிட்டி இல்லை, ரிப்பன் வெட்டவில்லை. அப்புறம் பெரியவர்கள் விழித்துக்கொண்டார்கள். 1970களின் கடைசியில் கைக்கு அனுமதி வந்தது, ஆனால் பிள்ளைகளின் கைக்கு இல்லை. மலாய் இலக்கணத்தை முன்னொட்டு பின்னொட்டோடு அப்படியே விரலுக்கு ஏற்றிய கோட் தங்ஙானுக்குத்தான். ஒரே வீச்சில் சொல்லிவிடக்கூடியதற்கு முன்னால் ஒரு விரல், பின்னால் ஒரு விரல். மொழியை உண்டாக்கியவர்களுக்கே மொழிப்பாடம் எடுத்தார்கள்.

தூக்கத்துக்கு வருவோம். ராத்திரி மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டால் நான் முழுச்செவிடு. வீடு பற்றிக்கொண்டால்? சாதாரணப் புகை அலாரம் 3,000 ஹெர்ட்சை ஒட்டிய கீச்சுக் குரலில் கத்தும். வயசாளிக்கு முதலில் அணைந்துபோகிற இடமே அதுதான். யாருக்குப் பற்றி எரிகிறதோ அவருக்கு மட்டும் கேட்காதபடி பார்த்துச் செய்திருக்கிறார்கள். 520 ஹெர்ட்சில் தடித்த குரலாகக் கத்தினால் காது மங்கியவர்கள் பலரும் எழுகிறார்கள் என்று ஆராய்ந்து கண்டு, அமெரிக்கத் தீ எச்சரிக்கை விதியில் 2010 பதிப்பிலேயே படுக்கையறைக்கு அதைச் சேர்த்துவிட்டார்கள். முழுக்கக் கேளாதவருக்குக் கண்ணைக் குத்துகிற வெட்டு விளக்கும், தலையணைக்கு அடியில் வைத்தால் கட்டிலையே உலுக்குகிற வில்லையும் இருக்கின்றன. ஜப்பான்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். மக்கோத்தோ இமாய் என்பவரும் கூட்டாளிகளும் தூங்குகிறவன் மூக்கில் வசாபி நெடியைப் பீய்ச்சி எழுப்புகிற அலாரம் செய்தார்கள். எவ்வளவு நெடி வேண்டும் என்று அளந்ததற்கு 2011இல், வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசு. உலகம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எங்களை எழுப்ப யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே.

நமக்கு வசாபிகூட வேண்டாம். காய்ந்த மிளகாயை எண்ணெயில் கருகவிட்டால் அடுக்குமாடியே எழுந்து உட்காரும். ஒவ்வொரு பிளாட் வாசலிலும் ஒரு வாணலி, ஒரு பிடி மிளகாய், பக்கத்தில் ஒரு தொண்டர். வருடாந்திர வாணலி வழங்கும் விழா. ஒய்.பி.க்கு இந்த யோசனையை இலவசமாகத் தருகிறேன், வாணலியிலும் படம் ஒட்டிக்கொள்ளலாம்.

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டு எழுந்துபோனால் நான் அயோக்கியன். நம்மவர்களுக்கும் வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிற பாதையில் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கின்றனவே, தாகத்துக்கு மோர் கொடுத்துவிட்டுக் காதைப் பறிக்கிற புண்ணிய காரியம். ஆளுயர ஸ்பீக்கர், ஒன்றன்மேல் ஒன்றாக. தொழிற்சாலைக்கு 2019இல் வந்த இரைச்சல் விதி என்ன சொல்கிறது? 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படியே ஏறினால் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம். பிரஸ் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு முதலாளி காதடைப்பான் கொடுக்க வேண்டும், காதைச் சோதிக்க வேண்டும். பந்தலில் ஸ்பீக்கருக்கு முன்னால் அப்பன் தோளில் ஒரு வயசுக் குழந்தை. அதற்கு யார் முதலாளி? முருகனா? நான் ஒரு பந்தல்காரத் தம்பியிடம் போய்க் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்றேன். அவன் என் காதில் மிஷினைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். வாயசைவு தெளிவாக இருந்தது: "உங்களுக்கென்ன மாமா, அடைச்சிக்கலாம். எங்களுக்குத்தான் கஷ்டம்."

கல்யாண மண்டபமும் அப்படித்தான். தாலி கட்டுகிறபோது கெட்டிமேளம், சரி. சாப்பிடுகிறபோது எதற்கு? பந்தியில் எதிரே உட்கார்ந்திருக்கிற தங்கச்சியிடம் நலம் விசாரிக்க முடியாது. வாட்சப்பில் கேட்டேன். எதிர் இலையிலிருந்து பதில் வந்தது, கட்டைவிரல் படத்தோடு. அன்றைக்கு அந்த மண்டபத்தில் முந்நூறு பேருமே என்னைப்போல் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் எழுதிக் காட்டியபோது நண்பர் ஒருவர், "அருமை. கடைசியில செவிடன் காதில் ஊதிய சங்குன்னு அரசாங்கத்தைப் போட்டு முடிச்சிடுங்க" என்றார். முடிக்கமாட்டேன். எங்கள் பெயரை அவர்களுக்கு எதற்குக் கொடுப்பது? செவிடன் சும்மா இருக்கிறவன் இல்லை. எதிரே ஒருவர் வாய் திறந்தால் அவர் உதடு, கண், புருவம், கை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு, விட்டுப்போன எழுத்தை மூளையில் தேடிப் போட்டு, ராத்திரி தலைவலியோடு படுக்கிறவன். ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள நாங்கள் படுகிற பாட்டை நாட்டில் யாரும் படுவதில்லை. சங்கு ஊதினால் எங்களுக்கு நெஞ்சில் அதிரும், ஊதுகிறவன் கன்னம் உப்புவது தெரியும், திரும்பிப் பார்ப்போம். கேட்கிற காதை வைத்துக்கொண்டு திரும்பாதவனுக்குத் தமிழில் வேறு நல்ல சொற்கள் நிறைய இருக்கின்றன. பத்திரிகையில் போடமாட்டார்கள்.

எங்கள் வீட்டு வாசல் மணிக்கு மகன் ஒரு வேலை செய்திருக்கிறான். ஹார்ட்வேர் கடையில் வாங்கிய சின்ன எல்.இ.டி., சாமி படத்துக்குப் பக்கத்தில். மணி அடித்தால் பச்சையாக மூன்று தடவை மினுக்கும். அவனுக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆனது. கைப்பேசியிலும் எதையோ திருகிவிட்டிருக்கிறான். குழந்தை அழுதால், நாய் குரைத்தால், தண்ணீர் திறந்து கிடந்தால் அதுவே கேட்டு எனக்கு எழுதிக் காட்டுகிறது. போன வாரம் பச்சை மினுக்கியது. தபால்காரர். அடுத்த விழாவுக்கு அழைப்பிதழ். இந்த வருடம் தாள் இன்னும் மொத்தம். காதும் பெரிது, முகமும் பெரிது. அடியில் சின்ன எழுத்தில்: வருகையை உறுதிசெய்ய அலுவலக நேரத்தில் தொலைபேசியில் அழைக்கவும். கீழே ஒரு நம்பர், அதுவும் தரைவழி இணைப்பு. குறுஞ்செய்தி போகாது.

நேரிலேயே போனேன். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண், கணினியைப் பார்த்தபடி. அழைப்பிதழை முன்னால் வைத்தேன். குரலை எடுக்கவில்லை. உதட்டை மட்டும் அசைத்து, நிறுத்தி நிதானமாக, "நானும் சம்சாரமும் வர்றோம்" என்றேன்.

"என்னா அங்கிள்? கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

மறுபடியும் சத்தமில்லாமல் அதையே சொன்னேன். இரண்டு பேர் என்று விரலையும் காட்டினேன். அந்தப் பெண் மேசைமேல் இருந்த மைக்கைக் கண்ணாடித் துளைப் பக்கமாக எனக்கு நகர்த்தியது. நான் அதைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, உதடு தெளிவாகத் தெரிகிற மாதிரி சொன்னேன்: மைக் வேண்டாம், எனக்குக் குரல் கணீர்.

அந்தப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, கணினித் திரையை விட்டுவிட்டு, என் வாயைப் பார்க்கத் தொடங்கியது.